கடலோரக் கைமருந்து – 9: சங்கு பற்பமும் செட் மாத்திரையும்

"அண்ணாச்சி, மேல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க."

தூத்துக்குடியில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மருந்துக் கடைப் பக்கம் போனால் இந்தக் குரல் காதில் விழும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக உப்பு வாரியவர், சங்கு குளித்துவிட்டுக் கரையேறியவர், யார் கேட்டாலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு டைக்ளோஃபெனாக், ஒரு பாராசிட்டமால், பேர் தெரியாத சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. அது ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். மூன்றையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் அதுதான் செட்.

வலி ராத்திரியே அடங்கிவிடும். மாதக்கணக்கில் இதே பழக்கமானால் வயிறு கணக்குக் கேட்கும். காரணத்தை 1971-இல் பிரிட்டன் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரக்கவிடாமல் டைக்ளோஃபெனாக் உள்ளிட்ட ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன. இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலம் பூசி அமிலத்திலிருந்து காப்பதற்கும் அதே பொருள்தான் வேண்டும். வலியோடு காவலும் போகிறது. "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் செய்யாது" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். செய்யும். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகு நடக்கிற வேலை இது. சாப்பிட்டபின் விழுங்கினால் எரிச்சல் குறையலாம், புண்ணுக்கு அது தடையில்லை.

சென்ற வாரம் மூட்டுவலித் தைலங்களைப் பார்த்தோம். மாத்திரை தின்றே புண்ணான வயிற்றுக்குக் கைமருந்து உண்டா என்பது இந்த வாரம்.

இந்தக் கரைக்கே உரிய மருந்து ஒன்று உண்டு: சங்கு பற்பம். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற சங்கு வளையலாக வங்காளத்துக்குப் போவது ஊருக்கே தெரியும். சித்த மருத்துவர் கைக்குப் போனால் அது குன்மம் என்கிற வயிற்று நோய்க்கு மருந்து. சங்கைச் சுத்தி செய்து இடித்து, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைக்கிறார்கள். வில்லைகளை அகலில் வைத்து, இன்னொரு அகலால் மூடி, விளிம்பைச் சுற்றிச் சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடம் போடுகிறார்கள். ஆறவிட்டுப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். தொட்டு எடுத்தால் விரல் ரேகைக்குள் போய்ப் படிய வேண்டும், அதுதான் பக்குவம்.

சங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடையில் விற்கிற சில அமிலமுறிவு மாத்திரைகளிலும் அதேதான். முத்துப் பற்பத்தின் மூலப்பொருளும் அதுவே. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்காத இந்தக் கடலில், அமிலத்தை முறிக்கச் சங்கு போதும், முத்தைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பற்பம் நெஞ்செரிச்சலை அடக்கும். ஆனால் மாத்திரை பறித்துக்கொண்ட காவலைத் திருப்பித் தராது. எரிச்சல் அடங்கிய தைரியத்தில் அடுத்த செட்டுக்குக் கை நீளும், ஆபத்து அங்கேதான். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

ஆஸ்பிரின் புண்ணை வைத்தே சோதித்த கைமருந்துகளில் எனக்குப் பிடித்தது வாழைக்காய். ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணிக் கரையெல்லாம் வாழைதானே! பழம் இல்லை, காய். 1984-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தபோது, உலர்த்திய வாழைக்காய்ப் பொடி புண் வராமல் தடுத்தது, வந்ததை ஆற்றவும் செய்தது. பழுத்ததில் அந்தக் குணம் இல்லை. அதே காலத்தில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கோயல் குழுவினர், அந்தப் பொடி இரைப்பைச் சுவரையே வலுப்படுத்துவதாகக் கண்டார்கள். பற்பம் செய்யாத வேலை இது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிரண்டையை ஆஸ்பிரின் புண்ணுக்கும், மணத்தக்காளியை வேறு வகைப் புண்களுக்கும் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். முடிவுகள் நல்லபடியே வந்தன.

எல்லாம் எலி. உடல் எடைக்கு இவ்வளவு என்று அளந்து, நாள் தவறாமல் கொடுத்த சாறும் பொடியும். நம் வீட்டுப் பிரண்டைத் துவையலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. துவையலையும் மணத்தக்காளி வத்தல் குழம்பையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், தினம் ஒரு செட் போட அதை உரிமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மனிதர்களிடம் நெடுங்காலம் பார்த்தது அதிமதுரத்தைத்தான். 1946-இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், அதிமதுரச் சாறு சாப்பிட்ட வயிற்றுப்புண் நோயாளிகள் தேறுவதை எழுதினார். சிலருக்கு உடம்பில் நீர் கோத்து வீங்கியதையும் எழுதினார். அதிலிருந்து பிறந்த கார்பினாக்சலோன் மாத்திரை 1960-களில் இங்கிலாந்தில் புண்ணை ஆற்றியது, கூடவே ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கியது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் அதிமதுரத்தைத் தினசரி மெல்ல வேண்டாம்.

வலி மாத்திரையால் வந்த புண்ணுக்கு முதல் மருந்து, அந்த மாத்திரையைக் குறைப்பதும் முடிந்தால் நிறுத்துவதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. வயிற்றுக்குத் துணைமருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயதானவர்கள், முன்பே புண் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் செட் மாத்திரைப் பக்கமே போகக் கூடாது. வலியே காட்டாமல் புண் உள்ளே கசிவதும் உண்டு. மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் பற்பமும் வேண்டாம், பொடியும் வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால், அதையும் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.