நெஞ்சுக்குள்ளே ஒரு பம்பு செட்!

தேனியை ஒட்டியிருக்கும் அல்லிநகரத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மலையடிவாரத்தில் வீரப்ப அய்யனார் கோவில் இருக்கிறது. நண்பர்களோடு பந்தயம் கட்டி, அந்தக் கோவில் வரை ஒருமுறை சைக்கிள் மிதித்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் நெஞ்சில் கை வையுங்கள். 'திடும்... திடும்...' என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும்!

தட்டுவது யார்? நம் இதயம்தான்!

கைமுட்டி அளவு; வேலையோ மலையளவு

உங்கள் கையை இறுக்கி மூடுங்கள். ஏறத்தாழ அந்த அளவுதான் உங்கள் இதயம். பெரியவர்களின் இதயம் சுமார் 300 கிராம் எடை இருக்கும். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்! 12 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் 600 குடம். எந்த பம்பு செட்டுக்கும் கரண்ட் போனால் ஓய்வு உண்டு. இதற்கு இரவிலும் ஓய்வு கிடையாது.

இந்த பம்பு செட்டுக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம், முதலில் வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கே புது ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. கடைசியாக இடது கீழறை அதை உடம்பு முழுவதும் தள்ளுகிறது. தலை முதல் கால் விரல் வரை தள்ள வேண்டுமே! அதனால் இடது கீழறையின் சுவர்தான் எல்லாவற்றிலும் தடிமன்.

ரத்தம் வந்த வழியே திரும்பிவிடாமல் தடுக்க, 'வால்வு' என்ற ஒருவழிக் கதவுகள் நான்கு இருக்கின்றன. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் 'லப்... டப்...' ஓசை, அந்தக் கதவுகள் மூடும் ஓசைதான்!

உடம்புக்குள் ஒரு கம்பம் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ரத்தக் குழாய்களைப் புரிந்துகொள்வது சுலபம். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி வருகிறது. ஆறு வாய்க்காலாகப் பிரிகிறது. வாய்க்கால் மடையாகப் பிரிகிறது. கடைசியில் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் பாய்கிறது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்களான 'தமனி'களும் அப்படித்தான் பிரிந்துகொண்டே போகின்றன. கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய 'தந்துகி'கள் ஆகின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜனும் சத்தும் கிடைப்பது அங்கேதான்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அணைக்குத் திரும்பாது. ரத்தமோ 'சிரை' என்ற குழாய்கள் வழியாக இதயத்துக்கே திரும்பி வந்துவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான்!

முற்கால ஐரோப்பிய மருத்துவர்களுக்கு இது தெரியாது. சாப்பாட்டிலிருந்து ரத்தம் புதிதாக உண்டாகி, உடம்பிலேயே தீர்ந்துவிடுகிறது என்று நினைத்தார்கள். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டுப் பார்த்தார். இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு, ஒரு மனிதன் சாப்பிடும் உணவைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும்! 1628-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

11 நிமிடப் பயணம்

இதயத்துக்கு இன்னொரு அதிசய குணம் உண்டு. துடிப்பதற்கான மின் துடிப்பை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். ஸ்விட்ச் அதன் வலது மேலறையிலேயே இருக்கிறது. மூளை, 'வேகமாகத் துடி', 'மெதுவாகத் துடி' என்று மட்டும்தான் சொல்லும்.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் சாலை விபத்தில் சிக்கினான். அவன் மூளை முழுவதுமாகச் செயல் இழந்துவிட்டது. இனி அவன் கண் விழிக்கவே முடியாது. கருவியின் உதவியால் மூச்சு ஓட, இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவன் அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். மகன் திரும்ப மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, அவன் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள்.

பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி, இதயத்துக்காகச் சென்னை முகப்பேர் மருத்துவமனையில் காத்திருந்தாள். வெளியே எடுத்த இதயம், குளிர்ச்சியில் வைத்தாலும் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். ஏன்? இதயமும் தசைதானே! ரத்தம் கிடைக்காவிட்டால் அதுவும் பட்டினியால் செத்துப்போகும்.

போலீசார் வழியெங்கும் போக்குவரத்தை நிறுத்தினர். தேனாம்பேட்டையிலிருந்து கிளம்பிய வாகனம், நெரிசல் மிகுந்த சாலைகளைக் கடந்து 11 நிமிடத்தில் முகப்பேரை அடைந்தது. டாக்டர் கே.எம்.செரியன் குழுவினர் பெரிய ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து இணைத்தார்கள். அந்த இதயம் சிறுமியின் நெஞ்சில் மறுபடியும் துடித்தது!

இந்த அறுவை சிகிச்சையில் நரம்புகளை இணைப்பதில்லை. ஆனாலும் இதயம் துடிக்கிறது. சொந்த ஸ்விட்ச் இருக்கிறதல்லவா?

நம்ம ஊர்ப் பெருமை: உறுப்பு தானம் செய்பவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு 2023-ல் அறிவித்தது. அந்த மரியாதையை முதலில் பெற்றவர், தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த்துறை ஊழியர் ஒருவர்.

செய்து பாருங்கள்!

கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். 15 விநாடிகள் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் அங்கேயே நின்று குதித்துவிட்டு, மறுபடியும் எண்ணுங்கள். எவ்வளவு கூடியது?

தினமும் ஓடி விளையாடுகிறவர்களின் இதயம் பலம் பெறும். அதனால் ஓய்வில் குறைவாகத் துடித்தாலே அதற்குப் போதும். ஆகவே குட்டீஸ், சாயங்காலம் ஆனால் டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே ஓடுங்கள். உங்களுக்காக ஓய்வில்லாமல் உழைக்கும் அந்தக் கைமுட்டி நண்பனுக்கு, நீங்கள் செய்யும் உதவி அதுதான்!