விளக்கை நாடும் அந்துப்பூச்சிகள்

கொச்சித் துறைமுகத்தைச் சேர்ந்த வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையாய் அமைந்ததன்று. 1920-களிலும் 1930-களிலும், ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியல் வல்லுநரின் மேற்பார்வையில், கப்பல் வழியை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் காயலில் நிரப்பி ஆக்கப்பட்டது அது. ஆகவே அம்மண்ணில் வாழும் பூச்சிகள் பிற இடங்களிலிருந்து வந்து குடியேறியவையே எனலாம்.

கோடையின் இறுதியில், இடவப்பாதி மழை தொடங்குமுன், இத்தகைய இடத்து அந்துப்பூச்சிகளை அறிய விளக்குப்பொறி பயன்படுகிறது. (சேமித்த நெல்லை அரிக்கும் பூச்சியையே நம் மக்கள் அந்து என்பர், வேறு சொல் அமையாமையால் அவ்வினம் முழுவதையும் இங்கு அப்பெயராலேயே குறிக்கிறோம்.) அமாவாசையை ஒட்டிய, காற்றடங்கிய இரவே ஏற்றது, நிலவு மிகுந்தால் வரத்துக் குறையும். பெட்டியின் மேல் பாதரச ஆவி விளக்கும், அதன்கீழ்ப் புனலும், உள்ளே முட்டை அடுக்கும் அட்டைகளும் இருக்கும். புனல் வழியே விழும் பூச்சிகள் அட்டையின் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும். விடிந்ததும் அவற்றை எண்ணி விட்டுவிடலாம். தாமதித்தால் காக்கைகள் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

அவை விளக்கை நாடுவது ஏன்? நிலவைக் கொண்டு வழியறியும் பூச்சி விளக்கை நிலவென்று மயங்குகிறது என்பதே நெடுங்கால விளக்கம். 2024-இல் சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி முதலிய விஞ்ஞானிகள் அதிவேகக் கேமராக்களால் படம் எடுத்து வேறொரு காரணத்தை வெளியிட்டனர். இரவிலும் நிலத்தைவிட வானமே ஒளி மிக்கது. ஆதலின் பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பி, மேல் எது, கீழ் எது என்று உணர்கிறது. அருகில் விளக்கு இருப்பின் முதுகு அதன் பக்கம் சாய்கிறது. பூச்சி அதனைச் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்குக்கு மேலே பறந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. எனவே விட்டில் விளக்கின்மேல் காதல் கொண்டதன்று, வானம் எங்கே என்று தடுமாறியதே.

ஆனால், அதே சோதனையில் அரளிப் பருந்து அந்து என்னும் பெரிய பச்சைநிறப் பூச்சி முதுகைச் சாய்க்காமல் விளக்கைக் கடந்து சென்றது. எல்லாப் பூச்சிகளும் ஒரேவகையாய் ஒளிக்கு வசப்படுவதில்லை. ஆகவே பொறியில் விழாத பூச்சி அவ்விடத்தில் இல்லை என்று முடிவு கட்டலாகாது. துறைமுகத்தில் இப்பிழை சிறியதன்று. இறக்குமதியாகும் செடிகளோடும் மரக்கட்டைகளோடும் அயல்நாட்டுப் பூச்சிகள் வந்திறங்கக்கூடும். அவற்றைத் தடுப்பதற்கெனவே மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இத்தீவில் அமைக்கப்பட்டுள்ளது.

அரளிப் பருந்து அந்தைத் தேடுவோர் விளக்கை விடுத்து நந்தியாவட்டைச் செடியின் அடியைப் பார்ப்பது நலம். அங்கே பருத்த எச்சங்கள் சிதறிக் கிடந்தால், மேலே, முன்னுடலில் கண்போன்ற இரு நீலப் புள்ளிகளையுடைய பசும்புழு இலையைத் தின்றுகொண்டிருக்கக் காணலாம்.