துருவேறாத இல்லறம்

கடற்காற்று நம் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையின் கம்பிகளை விட்டுவைப்பதில்லை. கவனியாது போட்டால் துருவேறும். "மணமாகி முப்பது ஆண்டுகள், சாமி! இனி என்ன பேசுவது?" என்று கைபேசிக்குள் மூழ்கும் இல்லத்தலைவர்களைக் காணுந்தோறும் அக்கம்பிகளே நினைவுக்கு வருகின்றன. (தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கும் தலைவியரும் உளர், நடுநிலை தவறலாகாது!)

துருவேறாத இல்லறமும் உண்டு, அன்பர்களே. சிறுமலர் தெரேசம்மாளின் பெற்றோரான லூயி மார்ட்டினும் செலியும் பிரான்சு நாட்டில் 1858-இல் மணந்தவர்கள். லூயி கடிகாரக் கடைக்காரர். செலி லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். 1870-இல் லூயி தம் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். பிரிந்திருந்த நாட்களில் கடிதங்கள் பறந்தன. 2015-இல் இருவரையும் ஒருங்கே புனிதராக்கியது திருச்சபை.

மனைவியின் தையற்கடைக்கு நூற்கண்டு வாங்கிவரவே நாணும் ஆடவரை நானறிவேன். லூயியோ லேஸ் வணிகத்துக்காகப் பாரிசு வரை சென்றுவந்தார்!