உறைந்து நிற்கும் செயலியை மூடும் முறை

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்துகொள்ளக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில வருஷங்களில் கெடு நீட்டிக்கப்பட்டதுண்டெனினும் அதை நம்பிக் காத்திருத்தல் விவேகமன்று. அத்தகைய நாளில், கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் பதியும் டேப்லெட்டிலோ, நிலச்சுவான்தார் கையிலுள்ள ஸ்மார்ட்போனிலோ செயலி அசைவற்று நின்றுவிடுமாயின் விளையும் சங்கடம் சிறிதன்று. அடங்கலென்னும் 2-ம் நம்பர் கணக்கு காகிதத்தில் எழுதப்பட்ட காலத்தில், பேனா கெட்டால் வேறு பேனா எடுத்தால் போதுமாயிருந்தது.

செயலி நின்றவுடன் கைப்பேசியே பழுதாயிற்றென்று எண்ணுதல் தவறு. ஒரே வயலில் பல ஏர்கள் உழும்போது ஓர் ஏரின் மாடு படுத்துக்கொண்டால், அவ்வொன்றை மட்டும் அவிழ்த்துவிட்டு மற்றவற்றை ஓட்டுவதே குடியானவர் வழக்கம். செயலிகளும் அவ்வாறே தனித்தனியாக இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், விரல் தொட்டதற்குச் சுமார் 5 விநாடி வரை செயலி பதிலளிக்காவிடில், காத்திருப்பதா, மூடுவதா என்று கைப்பேசியே கேட்பதுண்டு.

மூடுவதற்கு முன் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. செயலி உறைந்திருக்கிறதா, அல்லது சிக்னலுக்காகக் காத்திருக்கிறதா? மணலியை அடுத்த மாத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த ஊர். அங்கே சாதாரண நாட்களில் சிக்னலுக்குக் குறைவில்லை. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை பொழிந்தபோது வட சென்னையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் தடைப்பட்டன. அத்தகைய சமயத்தில் திரையில் வட்டம் சுழன்றுகொண்டேயிருப்பின், குற்றம் செயலியினுடையதன்று. அதை எத்தனை முறை மூடித் திறந்தாலும் பிரயோஜனமில்லை. பின்செல்லும் பொத்தான் வேலை செய்தால் செயலி உயிருடனிருக்கிறது என்றறிக.

உண்மையில் உறைந்துவிட்டதெனில், திரையின் அடிவிளிம்பிலிருந்து விரலை மேல்நோக்கி இழுத்து நடுவில் சற்றே நிறுத்தவேண்டும். கீழே மூன்று பொத்தான்கள் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், திறந்துள்ள செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் போதும். செயலிகள் சீட்டுகளைப் போல் வரிசையாகத் தோன்றும். நின்றுபோன செயலியின் சீட்டை மேலே தள்ளிவிட்டால் அது பெரும்பாலும் மூடப்படும். ஐபோனிலும் முறை இதுவே. வட்டப் பொத்தானுள்ள பழைய ஐபோனில் அப்பொத்தானை இருமுறை விரைவாக அழுத்தவேண்டும்.

ஆண்ட்ராய்டில் இவ்வழி பலிக்காவிடில், அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, உரிய பெயரைத் தொட்டு, ‘உடனே நிறுத்து’ அல்லது ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ என்பதை அழுத்துக. இவ்விடத்திற்றான் மிகுந்த ஜாக்கிரதை தேவை. நிறுத்துவதால் சேமித்த பதிவுகள் அழியா. சேமிக்காமல் திரையில் நிரப்பிய வரிகள் மட்டும் போகும். ‘கிளியர் கேச்’ என்பதும் தீங்கற்றது. ஆனால் அதனருகே காணும் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பதைத் தொட்டால், கைப்பேசியிலேயே தங்கி இன்னும் அனுப்பப்படாத சர்வே எண்களும் பயிர்ப் படங்களும் ஒருங்கே மறைந்துவிடும். நாள் முழுதும் வரப்பில் நடந்து எடுத்த படங்கள் திரும்பா. ஆகையால் அனுப்பாத பதிவுள்ளவர் அப்பொத்தானண்டை செல்லலாகாது.

திரை முழுதுமே நின்றுவிட்டால் கைப்பேசியை அணைத்து மீண்டும் போடவேண்டும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மின்பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது தானே மீளத் தொடங்கும்.

பாட்டரி மிச்சமாகுமென்று எல்லாச் செயலிகளையும் தினந்தோறும் மூடிவரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் அனுகூலமில்லை, மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கப் பாட்டரி அதிகமே செலவாகும். நின்றதை மட்டும் மூடுக. மறுபடி திறந்தபின், முன் செய்த பதிவு போய்ச் சேர்ந்ததா என்று பட்டியலில் பார்த்துக்கொண்டே மேலே எழுதவேண்டும். இன்றேல் ஒரே சர்வே எண் இருமுறை பதிவாகிக் காப்பீட்டு மனு திரும்பி வர இடமுண்டு.