மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் ஒத்திசைவு

ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர்கள் உள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினில், எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவு காற்றை உள்ளிழுக்கும்படி த்ராட்டில்களைச் சமன்செய்யும் வேலை கார்புரேட்டர் ஒத்திசைவு எனப்படுகிறது. பணிமனைகளில் இதை 'சிங்க் பண்ணுவது' என்பார்கள். பொறுமையும், சில மீட்டர் பிளாஸ்டிக் குழாயும், சிறிதளவு எண்ணெயும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஒத்திசைவு சமன்செய்வது காற்றை மட்டுமே. எஞ்சினில் உள்ள வேறு பழுதை அது தீர்க்காது, சில நேரம் மறைத்துவிடும். அதனால் பராமரிப்பு வேலைகளில் இதைக் கடைசியாகவே செய்ய வேண்டும்.

எந்த வண்டிகளுக்குத் தேவை

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் ஒற்றைச் சிலிண்டர் கொண்டவை. அவற்றில் சமன்செய்வதற்கு இரண்டாவது கார்புரேட்டரே இல்லை. இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கே ஒத்திசைவு தேவை. 1969-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750 இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு கெய்ஹின் கார்புரேட்டர்கள் இருந்தன. இந்தியாவில் 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350, இரட்டைச் சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டர்களும் கொண்ட டூ-ஸ்ட்ரோக் வண்டி. பழைய வண்டிகளைப் பேணுவோரிடம் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் சமன் குலைகிறது, குலைந்தால் என்ன ஆகும்

ஐட்லிங்கில் எஞ்சின் ஓடும்போது த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட முழுவதும் மூடியிருக்கும். தகட்டின் ஓரத்தில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாகவே காற்று நுழைகிறது. இரண்டு கார்புரேட்டர்களுக்கு இடையே ஒரு முடி கனம் வித்தியாசம் இருந்தாலும், அந்தச் சிறிய இடைவெளியில் அது பெரும் பங்காகிவிடும். த்ராட்டில் முழுவதும் திறந்த நிலையில் அதே வித்தியாசம் பொருட்டே அல்ல. அதனால்தான் ஒத்திசைவுக் குறை ஐட்லிங்கிலும், நகரில் மெதுவாக ஓட்டும்போதும் அதிகமாகத் தெரிகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் குறைந்துவிடுகிறது.

இணைப்புக் கம்பிகளின் தேய்மானம், கேபிள்கள் சமமின்றி நீள்வது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஆகியவற்றால் சமன் குலையும். குலைந்த பின் ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமந்து இழுக்கிறது. கீழ்க்காணும் அறிகுறிகள் தென்படலாம்:

• ஐட்லிங் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் மெதுவாகவே இறங்கும்.
• கைப்பிடியிலும் கால்மிதியிலும் வழக்கத்தைவிட அதிக அதிர்வு இருக்கும்.
• நின்ற நிலையில் கிளட்ச் பக்கம் கடகடவென்ற ஒலி கேட்கும்.
• குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் ஒரு சைலன்ஸர் குழாய் விரைவில் சூடாகும், மற்றொன்று தாமதமாகச் சூடாகும்.

இவற்றுள் பெரும்பாலானவை வேறு பழுதுகளாலும் வரும். அடைபட்ட ஸ்லோ ஜெட்டும் பழுதான ஸ்பார்க் பிளக்கும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

முன்னதாகச் சரிபார்க்க வேண்டியவை

1. வால்வு இடைவெளி. ஒரு சிலிண்டரில் இது மாறியிருந்தால் அங்கு உண்டாகும் வெற்றிடமும் மாறும். அந்த நிலையில் த்ராட்டிலைத் திருகிச் சமன்செய்வது பழுதுக்கு ஏற்பத் த்ராட்டிலைக் கோணலாக வைப்பதாகும்.
2. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் டைமிங், ஏர் பில்டர்.
3. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்கள். வெடிப்பு இருந்தால் அதன் வழியே கள்ளக் காற்று நுழையும்.
4. ஸ்லோ ஜெட்டின் சுத்தம், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம்.
5. ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வு. கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பினாலும் எஞ்சின் வேகம் மாறக் கூடாது.

இவை சரியாக இருந்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பல வண்டிகளில் இந்தப் பட்டியலை முடிக்கும்போதே குறை நீங்கிவிடும்.

வீட்டில் செய்யும் அளவி

சிலிண்டர்கள் இழுக்கும் காற்றை நேரடியாக அளப்பது கடினம். ஆனால் த்ராட்டில் எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு அதிக வெற்றிடம் அதன் பின்னால் உண்டாகும். எனவே வெற்றிடத்தை ஒப்பிட்டால் போதும். முள் அளவிகளும் பாதரச அளவிகளும் கடைகளில் உண்டு. முள் அளவிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுக் காட்டக்கூடும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் ஒரே சிலிண்டரில் மாற்றி மாற்றி இணைத்துச் சோதிக்க வேண்டும். பாதரசம் நச்சுப் பொருள். வீட்டில் அதைக் கையாளக் கூடாது.

எண்ணெய் நிரப்பிய 'யு' வடிவக் குழாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை. இரு பக்கமும் ஒரே எண்ணெய்தான், அளப்பது புவியீர்ப்பு. ஆகவே அது பொய் சொல்லாது.

செய்யும் விதம்: சுமார் 1 மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள பலகையில், மீன்தொட்டிக் காற்றுக் குழாய் போன்ற ஒளிபுகும் குழாயை 'யு' வடிவில் பொருத்த வேண்டும். இரு முனைகளும் எஞ்சின்வரை எட்டும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பலகையின் பாதி உயரம்வரை ஊற்ற வேண்டும். தவறி எஞ்சினுக்குள் போனாலும் அந்த எண்ணெய் எரிந்து புகையாகிவிடும். ஒவ்வொரு பக்கமும் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சிறு வால்வு ஒன்றைச் செருகி அதைப் பெருமளவு மூடி வைத்தால், எண்ணெய் துள்ளாமல் நிற்கும்.

இந்த அளவியின் நுண்மை வியப்பூட்டுவது. பல தயாரிப்பாளர் கையேடுகள் சிலிண்டர்களுக்கு இடையே 2 செ.மீ. பாதரச அளவு வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. எனவே அதே வித்தியாசம் எண்ணெய்க் குழாயில் சுமார் 30 செ.மீ. உயரமாகத் தெரியும். ஓரிரு செ.மீ. அளவுக்குச் சமன்செய்தாலே கையேடு கேட்பதைவிடப் பல மடங்கு துல்லியம் கிடைத்துவிடும். எண்ணெய் இரு பக்கமும் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றி நிற்க வேண்டும் என்று மணிக்கணக்கில் போராடத் தேவையில்லை.

இதே நுண்மை ஓர் ஆபத்தும்கூட. 1 மீட்டர் பலகை தாங்கும் வித்தியாசம் பாதரசக் கணக்கில் சுமார் 6 செ.மீ. மட்டுமே. அதற்கு மேல் போனால் எஞ்சின் எண்ணெயை உறிஞ்சிவிடும். ஒரு பக்கக் குழாய் கழன்றாலும் இதேதான் நடக்கும். அப்படி நேர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

மேசையில் முதற்கட்டச் சமன்

கார்புரேட்டர்களைக் கழற்றியிருந்தால், மாட்டுவதற்கு முன்பே கண்ணளவில் சமன்செய்துவிட வேண்டும். த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, அது இலேசாக உரசி நழுவும் அளவுக்கு ஒரு தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு மற்றத் தகடுகளிலும் அதே கம்பி அதே உரசலுடன் நழுவும்படி ஒத்திசைவுத் திருகுகளைத் திருப்ப வேண்டும். பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தால், தகடுகளின் ஓரத்தில் கசியும் ஒளிக் கீற்று எல்லாவற்றிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். இதைச் செய்துவிட்டால், அளவியை மாட்டும்போது எண்ணெய் பாய்ந்து போகும் வாய்ப்பு குறையும்.

எஞ்சின் ஓடும்போது செய்யும் முறை

1. வண்டியைச் சுமார் 10 நிமிடம் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும்.
2. டேங்கைக் கழற்ற வேண்டியிருந்தால், சிறு பெட்ரோல் புட்டியை உயரத்தில் பத்திரமாகத் தொங்கவிட்டு இணைக்க வேண்டும். டேங்கை வைத்துக்கொண்டே செய்தால், வெற்றிடத்தால் திறக்கும் பெட்ரோல் குழாய் உள்ள வண்டிகளில் அதைப் பிரைம் நிலைக்கு மாற்ற வேண்டும்.
3. இன்டேக் குழாய்களில் திருகாலோ ரப்பர் மூடியாலோ அடைக்கப்பட்டிருக்கும் சிறு துளைகளில் அளவியின் இரு முனைகளையும் இறுக்கமாக இணைக்க வேண்டும்.
4. எஞ்சினை இயக்கி, கையேட்டில் உள்ள ஐட்லிங் வேகத்தில் வைக்க வேண்டும்.
5. எண்ணெய் எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தச் சிலிண்டரில் வெற்றிடம் அதிகம். அதன் த்ராட்டில் கூடுதலாக மூடியிருக்கிறது என்று பொருள். ஒத்திசைவுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி இரு மட்டங்களையும் நெருங்கச் செய்ய வேண்டும்.
6. ஒவ்வொரு முறை திருப்பிய பின்பும் ஆக்சிலேட்டரை இலேசாக முறுக்கி விட்டு, மட்டம் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புகள் நிலைகொள்ள இது உதவும்.
7. ஐட்லிங் வேகம் மாறியிருந்தால் பொது ஐட்லிங் திருகால் சரிசெய்ய வேண்டும். பூட்டு நட்டு இருந்தால் அதை இறுக்கிய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். இறுக்கும்போது மட்டம் நகர்வது வழக்கம்.
8. அளவியைக் கழற்றித் துளைகளை மூட வேண்டும். ஒரு மூடி விடுபட்டாலும் அந்தச் சிலிண்டரில் கள்ளக் காற்று நுழையும்.

நான்கு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எஞ்சினில் பொதுவாக மூன்று ஒத்திசைவுத் திருகுகள் இருக்கும். முதலில் 1, 2 ஆகியவற்றையும், பிறகு 3, 4 ஆகியவற்றையும் சமன்செய்து, இறுதியில் நடுத் திருகால் இரு சோடிகளையும் ஒன்றோடொன்று சமன்செய்வது பரவலான வரிசை. சில வண்டிகளில் ஒரு கார்புரேட்டர் அடிப்படையாக நிலைத்திருக்க, மற்றவை அதற்கு ஏற்பத் திருப்பப்படும். எது எந்த முறை என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்

ராஜ்தூத் 350 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வெற்றிட அளவி பெரிதும் உதவாது. கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் வழியில் பிரிந்து, இரண்டு கார்புரேட்டர்களின் ஸ்லைடுகளையும் தனித்தனியே தூக்குகிறது. எனவே இங்கு சமன்செய்ய வேண்டியது ஸ்லைடுகளின் உயரம். ஏர் பில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றி, ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் ஒரு விரலை வைத்து, மற்றொருவரை ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கச் சொல்ல வேண்டும். இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். முழுவதும் முறுக்கும்போது இரண்டும் வழியை விட்டு முழுமையாக விலக வேண்டும். வித்தியாசம் இருந்தால் கேபிள் முனையில் உள்ள சரிசெய்யும் திருகால் திருத்தலாம்.

அதே கேபிள் எண்ணெய்ப் பம்பையும் இயக்குவதால், கேபிளைத் தொட்டபின் பம்பின் குறியீட்டுக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். இதை விட்டுவிட்டால் பிஸ்டனுக்குப் போதிய எண்ணெய் போகாமல் எஞ்சின் சீஸ் ஆகக்கூடும். ஓடும்போது அப்படி நேர்ந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் வண்டி சரிந்துவிடும்.

வழக்கமான தவறுகள்

கலவைத் திருகையும் ஒத்திசைவுத் திருகையும் குழப்பிக்கொள்வது முதல் தவறு. கலவைத் திருகு பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை மாற்றுகிறது. ஒத்திசைவுத் திருகு த்ராட்டிலின் திறப்பை மாற்றுகிறது. தொடங்கும் முன் எந்தத் திருகு எங்கே இருந்தது என்று குறித்து வைத்தால், தவறினாலும் திரும்பி வரலாம்.

இரண்டாவது தவறு, சமன்செய்தும் மட்டம் நிலைக்காதபோது மேலும் மேலும் திருகுவது. மட்டம் அலைந்துகொண்டே இருந்தால் காற்றுக் கசிவோ வால்வுக் குறையோ இருக்கலாம். அங்கே வேலையை நிறுத்திவிட்டுச் சரிபார்ப்புப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

பாதுகாப்பு

இந்த வேலையை மூடிய அறையில் ஒருபோதும் செய்யக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்க முடியாமல் போகலாம். சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் புட்டி தொங்குவதால், புட்டியும் இணைப்புகளும் கசியாமல் இருக்க வேண்டும்; தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின்கள் நின்ற இடத்தில் விரைவில் அதிகம் சூடேறும். முன்னால் ஒரு மின்விசிறியை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவது நல்லது.