முஸ்தபா அபு அலி: எல்லைக்கு வெளியே நின்ற கேமரா

1973இல் காஸாவைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க நினைத்தார் பாலஸ்தீன இயக்குநர் முஸ்தபா அபு அலி. காஸா இஸ்ரேலியப் படையின் பிடிக்குள் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெய்ரூட்டில் அகதியாக இருந்த அவரால் அங்கே காலடி வைக்க முடியாது. பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் குழு ஒன்று காஸாவில் எடுத்த செய்திக் காட்சிகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை வெட்டி, வரிசையை மாற்றி, சில இடங்களில் படத்தை அப்படியே நிறுத்தி, தன் மக்களின் பக்கத்திலிருந்து விவரணை சேர்த்தார். ‘காஸாவிலிருந்து ஆக்கிரமிப்புக் காட்சிகள்’ என்ற குறும்படம் அப்படித்தான் உருவானது. அவர் எடுத்த படங்களின் வடிவத்தைத் தீர்மானித்ததில் அவருடைய ரசனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு அவரால் எங்கே போக முடியாது என்பதற்கும் உண்டு.

அபு அலி 1940இல் ஜெருசலேமுக்கு அருகிலிருந்த மால்ஹா கிராமத்தில் பிறந்தார். 1948 போரில் ஊர் கைப்பற்றப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. இன்று மால்ஹா ஜெருசலேம் நகரின் ஒரு பகுதி. பெரிய வணிக வளாகமும் கால்பந்து மைதானமும் அங்கே இருக்கின்றன. லண்டனில் திரைப்படக் கலை படித்துவிட்டு அவர் ஜோர்டானுக்குத் திரும்பிய 1967இல் இன்னொரு போர் வந்தது. மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் வசமாயின. லட்சக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து ஜோர்டானுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அம்மானில் இரண்டு பேர் அவருடன் சேர்ந்தார்கள். ஒருவர் நாப்லுஸைச் சேர்ந்த சுலாஃபா ஜாதல்லா. கெய்ரோவில் ஒளிப்பதிவு படித்தவர். அரபு உலகின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று போற்றப்படுபவர். மற்றவர் ஜெருசலேமைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ஹானி ஜவ்ஹரிய்யா. 1968இல் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஃபத்தாவின் குடைக்குள் இவர்கள் தொடங்கியதே பாலஸ்தீனத் திரைப்படப் பிரிவு. இவை இயக்கப் படங்கள்தான். ஆயுதப் போராட்டத்தின் குரலாக, பிரசார நோக்கத்துடன் எடுக்கப்பட்டவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவரை ஐ.நா. நிவாரண வரிசையில் நிற்கும் முகமற்ற அகதிகளாகவே உலகம் பார்த்திருந்த ஒரு மக்கள், தங்களைத் தாங்களே படம்பிடிக்கத் தொடங்கியது இங்கேதான். எடுத்த படங்களை முகாம்களில் திரையிட்டு, பார்த்தவர்களிடம் கருத்து கேட்டார்கள். தன் பார்வையாளர் யார் என்பதில் அபு அலிக்குக் குழப்பம் இருக்கவில்லை.

சுலாஃபா தலையில் குண்டடிபட்டு முடங்கிப்போனார். 1970 செப்டம்பரில் ஜோர்டான் ராணுவம் பாலஸ்தீன இயக்கங்கள் மீது பாய்ந்தது. அந்த மோதலுக்குச் சற்று முன்புவரை ஜோர்டானில் படமெடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சு இயக்குநர் கோதாருடன் அபு அலி பணிபுரிந்திருந்தார். ஹானியால் ஜோர்டானை விட்டு வெளியேற முடியாமல் போக, அபு அலி பெய்ரூட்டுக்குப் போய்ப் பிரிவை மறுபடி கட்டியெழுப்பினார். அந்த செப்டம்பரைப் பற்றிய ‘ஆன்மாவால், குருதியால்’ 1971இல் வெளிவந்தது.

அவருடைய படங்களில் மிக முக்கியமானது 1974இல் வந்த ‘அவர்கள் இல்லை’. பாலஸ்தீனர் என்றொரு மக்களே இருந்ததில்லை என்ற பொருளில் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர் 1969இல் பத்திரிகைப் பேட்டியில் சொன்னதற்கான பதில் தலைப்பிலேயே இருக்கிறது. தெற்கு லெபனானில் உள்ள நபாதியே முகாமின் அன்றாட வாழ்க்கையில் படம் தொடங்குகிறது. பெயர் தெரியாத போராளி ஒருவருக்கு ஒரு சிறுமி பரிசுப் பொட்டலம் கட்டி, கூடவே கடிதமும் எழுதுகிறாள். பிறகு விமானங்கள் வருகின்றன. அந்தக் காட்சிக்கு அபு அலி சேர்த்தது பாஹின் இசை. சைரனோ அலறலோ இல்லை. ஐரோப்பாவின் ஆகச் சிறந்த இசை ஒலிக்கையில் குண்டுகள் விழுகின்றன. அடுத்து, இடிபாடுகள் ஒலியே இல்லாமல் திரையில் கடந்துபோகின்றன. சிறுமியின் வீடு இருந்த முகாம் அது என்பதை யாரும் நமக்கு நினைவூட்டுவதில்லை, நாமே உணர்கிறோம். பிரசாரப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த சில நிமிடங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். சத்தம் போட எல்லா நியாயமும் இருந்த இடத்தில் சத்தத்தை நிறுத்தியவர் அவர்.

1975இல்தான் ஹானி பெய்ரூட் வந்து சேர முடிந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், ஐந்தூரா மலைப்பகுதியில் லெபனான் உள்நாட்டுப் போரைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். நண்பருக்காக அபு அலி எடுத்த படம் ‘கண்ணில் பாலஸ்தீனம்’. 1977இல், அதே போரில் முற்றுகைக்குள்ளாகி வீழ்ந்த தல் அல்-ஸாதர் அகதி முகாமைப் பற்றி இத்தாலியரான பினோ அத்ரியானோ, லெபனானைச் சேர்ந்த ஜான் ஷமூன் ஆகியோருடன் இணைந்து ஒரு படம் எடுத்தார்.

இந்தப் படங்களையும், வெளிவராத மூலக் காட்சிகளையும் பாதுகாக்க பெய்ரூட்டில் ஓர் ஆவணக் காப்பகம் இருந்தது. அதைக் கட்டி நடத்தியவர் அபு அலியின் மனைவியும் இயக்குநருமான கதீஜா ஹபாஷ்னே. 1982இல் இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்டு, பாலஸ்தீன விடுதலை இயக்கம் கப்பலேறி வெளியேறியபோது, படச்சுருள்கள் பின்தங்கின. இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார்கள். சில ஆண்டுகளில் தடமே இல்லை. இயக்குநர் ஆஸ்ஸா எல்-ஹசன் அவற்றைத் தேடி அலைந்ததையே 2004இல் ஓர் ஆவணப்படமாக்கினார்.

இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையிலான ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு மேற்குக் கரையின் ரமல்லாவில் குடியேறிய அபு அலிக்கு, சில மைல் தொலைவிலிருந்த ஜெருசலேமுக்குப் போக அனுமதி கிடையாது. 2003இல் அங்கே நடந்த பாலஸ்தீனத் திரைவிழாவில் ‘அவர்கள் இல்லை’ திரையிடப்பட்டபோது, கலைஞர்கள் சிலர் சோதனைச் சாவடிகளைத் தவிர்த்து அவரை ரகசியமாக அழைத்துப்போனார்கள். இருபது ஆண்டுகளாகத் தன் படத்தைப் பார்க்காதிருந்த இயக்குநர், தான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். 2009இல் காலமானார்.

இன்று அந்தப் படங்களை நாம் பார்க்க முடிவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் லைப்சிக், கார்த்தேஜ் போன்ற திரைவிழாக்களுக்கும் ஐரோப்பிய ஆதரவுக் குழுக்களுக்கும் அனுப்பப்பட்ட பிரதிகள். அவற்றில் சில அங்கேயே தங்கிவிட்டன. ஹபாஷ்னே அவற்றை நாடு நாடாகத் தேடிச் சேர்க்கிறார். தல் அல்-ஸாதர் படத்தின் மூலக் காட்சிகள் ரோம் நகரக் காப்பகம் ஒன்றில் பத்திரமாக இருந்தன. இன்னொரு பகுதி எங்கே போனது என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர் ரோனா செலா 2017இல் தன் ஆவணப்படத்தில் காட்டினார்: பெய்ரூட்டிலிருந்து படையினர் எடுத்துச்சென்ற பாலஸ்தீனப் படங்களும் புகைப்படங்களும் இஸ்ரேலிய ராணுவக் காப்பகத்தில் இருக்கின்றன. பூட்டிவைக்கப்பட்ட அந்தப் பொருள்களில் சிலவற்றைப் பார்க்கவே அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தங்கள் படங்களைத் தங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பது பாலஸ்தீனத் திரைக்கலைஞர்களின் கோரிக்கை. அது முழுக்க நியாயமானது.