கால்கூறும் அரைக்கூறும்: தாம்பரம் சூழ் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பணியிடைக் கற்றல்

முன்னுரை

ஆசிரியர் ஒருவர் கற்பிக்கும் திறனை எங்கிருந்து பெறுகிறார் என்னும் வினாவிற்குத் தமிழ் இலக்கண மரபில் தெளிவான விடை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் ஒருவர் பெறுவது கால்கூறு அறிவே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்கூறு கிட்டும். பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. மாணாக்கரை நோக்கிக் கூறப்பட்ட இவ்விதி, பணியிலிருக்கும் ஆசிரியரின் கற்றலுக்கும் பொருந்துவதாகும். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் இங்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

களத்தின் இயல்பு

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் தோன்றிய ஏற்றுமதி வளாகம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் தோல் தொழில், அண்மைக்காலக் கட்டுமானப் பணிகள் ஆகியன பல மாவட்டத்தாரையும் பல மாநிலத்தாரையும் இங்கு ஈர்த்துள்ளன. ஆதலின், தெலுங்கு, இந்தி, ஒடியா முதலிய மொழிகளை வீட்டில் பேசும் குழந்தைகளும் இப்பகுதியின் தமிழ்வழி வகுப்புகளில் அமர்கின்றனர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வரையறுக்கிறது. அத்தகைய பள்ளியில் இருவர் ஐந்து வகுப்புகளைக் கையாள வேண்டும். கதையைச் சரளமாகப் படிக்கும் குழந்தையும் எழுத்தையே அடையாளம் காணாத குழந்தையும் ஒரே அறையில் இருக்கும்போது, அனைவர்க்கும் ஒரே பாடம் நடத்துவது சிலரைக் கைவிடுவதாகவே முடியும்.

இரு கற்பித்தல் முறைகள்

இச்சிக்கலை எதிர்கொள்ளத் தமிழ்நாட்டில் இரு பெரும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. முதலாவது, செயல்வழிக் கற்றல். எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் வளர்ந்த அட்டைவழிக் கற்பித்தல் இதற்கு முன்மாதிரி ஆயிற்று. கற்றல் ஏணி, சின்னங்கள் பொறித்த அட்டைகள், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான கரும்பலகை ஆகியவற்றின் துணையால் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற வழி செய்யப்பட்டது.

இரண்டாவது, 2022 ஜூனில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும் நோக்குடன் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. வகுப்பைக் கருதாமல், குழந்தையின் கற்றல் நிலையைக் கருதி அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

பாடம் சொல்பவர் கொள்வோரின் கொள்ளும் ஆற்றலை அறிந்து, அவர் உள்ளம் ஏற்கும் வகையில் உரைக்க வேண்டும் என்னும் நன்னூற் கருத்துக்கு இவ்விரு முறைகளும் அணுக்கமானவை. ஆயினும் இவற்றில் ஓர் இடரும் உண்டு. 'அரும்பு' என்பது குழந்தை கடந்து செல்ல வேண்டிய ஒரு படி. அதுவே அக்குழந்தையின் பெயராக நிலைத்துவிடக் கூடாது. ஒரு குழந்தை எந்நாளில் அடுத்த குழுவிற்கு உரியது ஆகிறது என்பதை உணரும் பொறுப்பு வகுப்பாசிரியரையே சார்ந்தது. அட்டையோ கையேடோ அத்தீர்மானத்தை எடுக்க இயலாது.

முறை பரவும் வழி

செயல்வழிக் கற்றலின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு நேரில் அனுப்பப்பட்டனர். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம் பகுதிப் பள்ளிகளுக்கு, 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டபோதே அம்முறை வந்து சேர்ந்தது. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்ட வேண்டிய விரிவாக்கத்தில், மாநில அளவில் பயின்றோர் மாவட்டத்திற்கும், மாவட்டத்தில் பயின்றோர் வட்டாரத்திற்கும் பயிற்சியளிக்கும் படிநிலை அமைப்பு தவிர்க்க இயலாததாயிற்று. இவ்வமைப்பில் செயல்முறைகள் எளிதில் இறங்கிவரும். அவற்றின் காரணங்கள் அவ்வளவு எளிதில் இறங்கிவருவதில்லை.

சென்னையின் கல்வி வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1789இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையோடு ஒப்பிடத்தக்க இம்முறை, 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே பரவிச் 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. ஆனால், குறைந்த செலவில் பெருந்திரளுக்குக் கற்பிக்கும் கருவியாக அது மாறியபோது, பல இடங்களில் இயந்திரத்தனமான ஒப்பித்தலாகச் சுருங்கியது. சட்டகம் கடல் கடந்தது. அதனை இயக்கிய பகுத்தறிதல் உடன் செல்லவில்லை.

நன்னூலின் கணக்கின்படி, பயிற்சிக் கூடத்தில் கேட்பது கால்கூறே. அக்கால்கூறு இன்றியமையாதது எனினும், அதனையே முழுமையெனக் கொள்வது பிழையாகும்.

'க' என்னும் எழுத்து

எஞ்சிய முக்கால் கூறு யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இந்தியிலோ ஒடியாவிலோ தெலுங்கிலோ ஓரளவு படித்துவிட்டு வந்த குழந்தைக்கு, வல்லொலிக்கு ஓர் எழுத்தும் அதன் அதிர்வொலிக்கு வேறோர் எழுத்தும் உண்டு. தமிழிலோ 'கல்', 'பக்கம்', 'தங்கம்', 'மகன்' ஆகிய நான்கிலும் ககரம் ஒன்றே. 'தங்கம்' என்பதை அக்குழந்தை வல்லொலியோடு படிக்குமாயின், அது கவனக்குறைவு ஆகாது. தான் அறிந்த எழுத்துமுறையை அது நேர்மையாகப் பின்பற்றுகிறது. சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்தின் பின் அதிர்வொலி, உயிரொலிகளுக்கு இடையில் நெகிழ்ந்த ஒலி என இடத்தை வைத்து விளக்கினால் பிழை நீங்கும். 'கோ' என்பதில் குறியீடு இருபுறமும் நிற்பது இந்தி கற்ற குழந்தைக்குப் புதிது. ஒடியா எழுத்திலும் அவ்வாறே அமைவதால், அம்மொழி கற்ற குழந்தைக்கு அது பழகியது.

இவ்வேறுபாட்டை ஒரே ஆசிரியர் தம் ஒரே வகுப்பில் காண்பது அரிது. பம்மலில் ஒருவர் கண்ட பிழையும் பெருங்களத்தூரில் மற்றொருவர் கண்ட பிழையும் ஒரே மேசையில் வைக்கப்படும்போதே அவற்றின் ஒழுங்கு புலப்படும். குறுவளமையக் கூட்டம் அத்தகைய மேசையாக அமைய இயலும். அதற்கு மூன்று மாற்றங்கள் போதுமானவை. முதலாவதாக, ஒவ்வோர் ஆசிரியரும் சுற்றறிக்கையை அன்றி, குழந்தையின் குறிப்பேட்டை உடன்கொண்டு வருதல் வேண்டும். இரண்டாவதாக, பிழையின் காரணத்தை அனைவரும் கலந்துரைத்து, மறுமாதம் வரை ஒரே உத்தியைக் கையாளுதல் வேண்டும். மூன்றாவதாக, அடுத்த கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் நிகழ்ந்ததை ஏனையோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். முதலிரண்டும் உடன்பயில்வோரால் வரும் கால்கூறு; மூன்றாவது அரைக்கூறு.

முடிவுரை

வகுப்பறை உத்திகள் காலந்தோறும் மாறும். திட்டங்களின் பெயர்களும் மாறும். குழந்தையின் பிழையில் காரணத்தைக் காணும் ஆசிரியரின் திறனே நிலைத்துப் பயன் தருவது. அத்திறனை வளர்ப்பதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலாக, உயர்கல்வி நிறுவனங்கள் இப்புறநகரில் பல உள. ஒலியனியலும் எழுத்தியலும் அறிந்த ஆய்வாளர் ஒருவர் குறுவளமையக் கூட்டத்தில் அமர்ந்து, ககரத்தை இடறிப் படிக்கும் குழந்தையின் குறிப்பேட்டை ஆசிரியரோடு சேர்ந்து புரட்டுவாராயின், தொடக்கப்பள்ளியோடு தமிழாய்வும் பயன்பெறும்.